மகோமே – ட்சுமாகோ: ஜப்பானின் பழைய சத்திர ஊர்களுக்குப் போய்வர முழுமையான வழிகாட்டி

இன்று தோக்கியோ என்று சொல்கிறோமே, முன்பு 'எதோ' (Edo) என்று பெயர் கொண்டிருந்த அந்த நகரத்திலிருந்து கியோத்தோவுக்கு மலை வழியாகப் போன பழைய நடைபாதை நாகசெண்டோ. வழியில் 69 சத்திர ஊர்கள். ஜப்பானியத்தில் ஷுகுபா என்பார்கள். ஊர்ப் பெயரோடு சேர்த்தால் 'ஜுகு' என்று வரும். அவற்றில் 42-ஆவது ட்சுமாகோ, 43-ஆவது மகோமே. இரண்டுக்கும் நடுவே ஒரு மலைக்கணவாய், சுமார் 8 கிலோமீட்டர் நடை.

உறவினர், நண்பர் என்று பல குழுக்களை இந்த வழியில் கூட்டிப் போயிருக்கிறேன். நடக்க முடியாமல் யாரும் திணறியதில்லை. திணறியதெல்லாம் பெட்டியால், பேருந்தால், இரவுச் சாப்பாட்டால். மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: திட்டத்தைக் காலையிலிருந்து போட்டார்கள். ரயில் எத்தனை மணிக்கு, எங்கே இறங்குவது, எதைப் பார்ப்பது, கடைசியில் எங்கே படுப்பது என்று. சத்திர ஊருக்கு இந்த வரிசை சரிவராது. எங்கே படுப்பது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. எந்த ஊர் என்று முடிவு செய்யுங்கள்

மகோமே, ட்சுமாகோ, அதே பாதையில் இருக்கும் நராய் என்ற இன்னொரு சத்திர ஊர், மூன்றும் படங்களில் ஒன்று போலவே தெரியும். காலுக்கு அப்படி இல்லை.

மகோமே முழுக்க ஏற்றம். கல் பாவிய ஒரே தெரு, மலைச்சரிவில் நெட்டுக்குத்தாக ஏறுகிறது. 1895-லும் 1915-லும் பெரும் தீயில் எரிந்து மறுபடி கட்டிய ஊர் இது. பழைய மரச்சட்டங்களைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் இந்த ஊரோடு நின்றுவிடாதீர்கள்.

ட்சுமாகோ பெரும்பாலும் சமதளம். மூன்றில் என் மனதுக்கு நெருக்கமானது இதுதான். நாட்டிலேயே முதன்முதலாக 1976-இல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக அறிவிக்கப்பட்ட சில இடங்களில் ஒன்று.

நராய் இன்னும் வடக்கே, சுமார் 940 மீட்டர் உயரத்தில். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே தெரு தொடங்கிவிடும். ஒரு கிலோமீட்டர் நீளத் தெரு, ஏறுவது இறங்குவது அதிகம் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்களோடு, கைக்குழந்தையோடு போகிறவர்கள் மலைநடையை விட்டுவிட்டு நேராக இங்கே வாருங்கள். எதையும் இழந்ததாக ஆகாது.

கூரை வேய்ந்த வீடுகளைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டிருந்தால், அது ஃபுகுஷிமா மாகாணத்து ஓஉச்சி-ஜுகு. அது வேறு திசை, வேறு பயணம். ஒரே நாளில் இரண்டையும் சேர்க்க முயலாதீர்கள்.

நடக்க முடிந்தவர்களுக்கு நான் சொல்வது: மகோமேவில் இறங்கி, நடந்து, ட்சுமாகோவில் இரவு தங்குங்கள். மீதி எல்லாம் இந்த வழியை வைத்துத்தான் சொல்கிறேன்.

2. முதலில் படுக்கை

ஏன் தங்கியே ஆக வேண்டும்? காலை 11 மணிக்கு வந்து 3 மணிக்குக் கிளம்புகிறவர்கள் கடைத்தெரு ஒன்றைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மாலை 5 மணி ஆனதும் கடைகள் பலகையைச் சாத்துகின்றன. பேருந்துக் கூட்டம் போய்விடுகிறது. அதற்கப்புறம் கேட்பது வாய்க்கால் தண்ணீரின் சத்தம் மட்டும். மரச்சன்னல் கம்பிகளுக்குப் பின்னால் ஒவ்வொரு விளக்காக எரியும். அந்த நேரத்தில்தான் இது வழிப்போக்கர்கள் தங்கிய ஊர் என்பது நம் உடம்புக்கே புரிகிறது.

ஊரில் இருப்பவை பெரும்பாலும் மின்ஷுகு எனப்படும் வீட்டு விடுதிகள். ஒரு குடும்பம் நடத்தும், சில அறைகள்தான் இருக்கும். இலை சிவக்கும் அக்டோபர் கடைசி, நவம்பர் மாதங்களுக்கும், மே மாதத் தொடக்க விடுமுறைக்கும் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். எனவே விமானச் சீட்டுக்கும் முன்னால் இதைப் பாருங்கள். அறை கிடைக்கும் நாளை வைத்து மற்ற நாட்களை நகர்த்துவது சுலபம். மாற்றிச் செய்வது நடக்காத காரியம்.

பதிவு செய்யும்போது எல்லோரும் தவறாகப் படிக்கும் ஒரு வரி உண்டு. இங்கே விலை பெரும்பாலும் ஆளுக்கு இத்தனை, இரவும் காலையும் சாப்பாட்டோடு. அறைக்கு இத்தனை என்று நினைத்து நான்கு பேருக்குக் கணக்குப் போட்டால் கடைசியில் அதிர்ச்சி.

சாப்பாட்டு விஷயம் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு முக்கியம், நிதானமாகப் படியுங்கள். "நான் சைவம்" என்றால் அங்கே "மீன் துண்டு வேண்டாம்" என்றுதான் புரிந்துகொள்வார்கள். ஆனால் குழம்பு, சூப், வேகவைத்த காய் என்று எல்லாவற்றுக்கும் அடிப்படை தாஷி என்னும் சாறு. அது பெரும்பாலும் காய்ந்த சூரை மீனைச் சீவிப் போட்டு எடுப்பது. நம்முடைய மாசிக் கருவாட்டின் உறவுதான். அதனால் இறைச்சி, மீன், மீன் சாறு மூன்றும் கூடாது என்று தனித்தனியாக, ஜப்பானிய மொழியில், பதிவு செய்யும்போதே எழுதுங்கள். வந்து சேர்ந்த பிறகு சொல்வதில் பயன் இல்லை. அவர்கள் தலைக்கு இத்தனை என்று பொருள் வாங்கி, மதியமே சமைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

சிலர் முடியாது என்று பதில் எழுதுவார்கள். அது கோபம் இல்லை, நேர்மை. அப்போது காலை உணவு மட்டும், அல்லது உணவே இல்லாமல் அறை கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தால் இரவுக்குச் சாப்பாட்டை, வழியில் ரயில் ஏறும் நாகோயா நகரத்திலேயே வாங்கிக் கையில் எடுத்துவாருங்கள். மாலையில் ட்சுமாகோ தெருவில் திறந்த உணவகத்தைத் தேடி அலைய வேண்டாம். ஒரு முறை எங்கள் குழுவில் இருவர் இதைக் கேட்காமல், ஆளுக்கொரு வாழைப்பழத்தோடு படுத்தார்கள்.

ட்சுமாகோவில் இடமே இல்லையா? நகட்சுகவா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சாதாரண ஓட்டல்கள் உண்டு. அங்கே தங்கினால் மறுநாள் முதல் பேருந்தைப் பிடித்து, கூட்டம் வருவதற்குள் மகோமே தெருவைப் பார்த்துவிடலாம்.

3. பெட்டியை உங்களிடமிருந்து பிரியுங்கள்

இந்த ஒரு படியைத் தவிர்த்தவர்கள் நாள் முழுக்க வருந்துவதைப் பார்த்திருக்கிறேன்.

என் சித்தப்பா பெரிய சக்கரப் பெட்டியோடு மகோமே பேருந்து நிறுத்தத்தில் இறங்கினார். "உருட்டிக்கிட்டே போயிடலாம்ப்பா" என்றார். இருபது அடி போனதும் சக்கரம் இரண்டு கற்களுக்கு நடுவே புதைந்தது. இழுத்தார், பெட்டி வந்தது, சக்கரம் அங்கேயே நின்றுவிட்டது. அப்புறம் அந்தப் பெட்டியை நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேலே தூக்கிப் போனோம்.

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, தக்யூபின். நீங்கள் தங்கியிருக்கும் நகர ஓட்டலின் வரவேற்பு மேசையில் பெட்டியைக் கொடுத்தால், அடுத்த நகரத்து ஓட்டலுக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ போய்ச் சேரும். நடுவில் ஒரு இரவுக்கு வேண்டியதை மட்டும் முதுகுப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் எப்போதும் செய்வது இதுதான். கணவாயில் முதுகில் 4 கிலோவுக்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று, மகோமே, ட்சுமாகோ சுற்றுலாத் தகவல் நிலையங்கள் தங்களுக்குள் பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சேவை. காலையில் ஒப்படைத்தால் மதியத்துக்கு மேல் அந்தப் பக்கம் எடுத்துக்கொள்ளலாம். ஒப்படைக்கும் நேரம் முற்பகலோடு முடிந்துவிடும், திரும்ப எடுக்கவும் மாலையில் ஒரு கடைசி நேரம் உண்டு. குளிர்காலத்தில் நடப்பதில்லை. இதை நம்பினால் உங்கள் ரயிலும் காலை ரயிலாக இருக்க வேண்டும். அதனால்தான் இந்த முடிவு சீட்டு வாங்குவதற்கு முந்தின படியாக இருக்கிறது.

4. பேருந்திலிருந்து ரயிலுக்கு வாருங்கள்

நாகோயாவிலிருந்து சூஓ ரயில் பாதையில் நகட்சுகவா. ஷினானோ விரைவு வண்டி என்றால் சுமார் 50 நிமிடம், சாதாரணத் துரித வண்டி என்றால் ஒன்றேகால் மணி நேரம். நகட்சுகவா நிலைய வாசலிலிருந்து மகோமேவுக்குப் பேருந்து, அரை மணி நேரத்துக்குள் போய்விடும். தோக்கியோவிலிருந்து வருகிறவர்கள் ஷின்கான்சென் அதிவேக ரயிலில் நாகோயா வந்து மாறுவதே எளிது. நராய்க்கு மட்டும் ஷின்ஜுகுவிலிருந்து ஷியோஜிரி வழியாக வரலாம்.

முதலில் பேருந்து அட்டவணையைப் பாருங்கள், அப்புறம் அதற்குப் பொருந்தும் ரயிலைத் தேர்ந்தெடுங்கள். ரயில்கள் நிறைய, பேருந்துகள் குறைவு. ரயிலை முதலில் வாங்கியவர்கள் நகட்சுகவா வாசலில் ஒரு மணி நேரம் காத்து நிற்பது வழக்கமாக நடக்கும். அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் பழைய பயணக் குறிப்புகளிலிருந்து நேரத்தை எடுக்காதீர்கள்.

தட்டிச் செல்லும் ஐ.சி. அட்டையை இந்தப் பாதையில் நம்ப வேண்டாம். ஒரு ரயில் நிறுவனத்தின் அட்டைப் பகுதியில் ஏறி இன்னொன்றின் பகுதியில் இறங்கினால் வாயில் திறக்காது. மலைச் சிறு நிலையத்தில் இறங்கி, ஊழியரிடம் அட்டையை நீட்டி, கையால் கணக்குப் போடும் வரை நிற்க வேண்டிவரும். கடைசி நிலையம் வரை காகிதச் சீட்டு வாங்கிவிடுங்கள். ஜே.ஆர். பாஸ் எனப்படும் சுற்றுலாப் பயணிகளுக்கான ரயில் சீட்டு வைத்திருந்தால், அது ஷினானோவுக்குச் செல்லும், மகோமே பேருந்துக்குச் செல்லாது.

ரொக்கமும் இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். சில்லறையாக, 1000 யென் தாள்களாக. வீட்டு விடுதியில் அட்டை எடுப்பார்களா என்று முன்கூட்டிக் கேட்டாலும், கையில் அறைக் கட்டணம் ரொக்கமாக இருந்தால் நிம்மதி.

5. கணவாயைத் தாண்டுதல்

மகோமே சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கணவாய் உச்சி 800 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ட்சுமாகோ சுமார் 420 மீட்டர். இந்த மூன்று எண்ணும் போதும், எந்தப் பக்கத்திலிருந்து நடப்பது என்று தெரிந்துவிடும். மகோமேவிலிருந்து ஏற்றம் 200 மீட்டருக்குள். எதிர்ப்பக்கத்திலிருந்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மகோமேவில் மதிய உணவை முடித்து, 12 மணியிலிருந்து 1 மணிக்குள் கிளம்பினால் 4 மணி வாக்கில் ட்சுமாகோ. இதைவிடத் தாமதித்தால் அடர்ந்த மரங்களுக்குள் வெளிச்சம் சீக்கிரம் வடிந்துவிடும். மலைக்குள் சூரியன் மறைவதை நாட்காட்டி நேரத்தை வைத்துக் கணக்கிடக் கூடாது.

கிளம்பும் முன் மகோமே தெருவின் மேல் முனையில் இருக்கும் பார்வை மேட்டில் நில்லுங்கள். மேகம் இல்லாவிட்டால் எனா மலை முழுதாகத் தெரியும். தண்ணீர் நிரப்புவதும் கழிப்பறையும் இங்கேயே முடித்துவிடுங்கள்.

நல்ல அடிப்பாகம் உள்ள சாதாரண ஓட்டக் காலணி போதும். மழை பெய்த கல்பாதையில்தான் வழுக்கும், அதுவும் இறக்கத்தில். பாசி பிடித்த கல்லின் நடுவில் மிதிக்காமல், இரு கற்கள் சேரும் மண்ணில் காலை வையுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் நிழலில் பனி உறைந்து கிடக்கும். அப்போது காலணிக்கு மாட்டும் பனிமுள் இல்லாமல் போகாதீர்கள்.

பாதை ஓரத்தில் கம்பத்தில் மணிகள் தொங்கும். கரடிக்காக. மனிதச் சத்தம் கேட்டால் அது விலகிப் போய்விடும், எதிர்பாராமல் முகத்துக்கு முகம் சந்திப்பதுதான் ஆபத்து. ஒவ்வொரு மணியையும் நன்றாக அடியுங்கள். குழந்தைகளுக்கு இந்த வேலையைக் கொடுத்துவிட்டால் நடை பற்றிய புகார் வராது.

வழி தவறுவது கடினம், ஆனால் ஓரிடத்தில் தவறுவார்கள்: பழைய பாதை தார்ச்சாலையைப் பல முறை குறுக்கே வெட்டுகிறது. சாலைக்கு வந்ததும் பலர் அதன் போக்கிலேயே கீழே நடக்கிறார்கள். எதிர்ப்பக்கம் பார்த்துப் பலகையைத் தேடுங்கள். வண்டிகள் வளைவில் வேகமாக வரும்.

உச்சியைத் தாண்டிச் சற்று இறங்கினால் பழைய தேநீர் வீடு ஒன்று. உள்ளே இருட்டு, தரையில் வெட்டிய இரோரி அடுப்புக்குழியில் விறகு புகைகிறது, அந்தப் புகையில் கூரைச்சட்டம் கரியேறிப் பளபளக்கிறது. தன்னார்வலர்கள் தேநீர் தருவார்கள், பணம் கேட்கமாட்டார்கள். உண்டியலில் ஏதாவது போடுங்கள். இன்னும் கீழே ஓதாகி, மேதாகி என்று இரட்டை அருவிகள், ஆண் அருவி பெண் அருவி என்று பொருள். ஐந்து நிமிடம் விலகிப் பார்த்துவிட்டு வரலாம்.

குழுவில் ஒருவரால் முடியாது என்றால் எல்லோரும் நடையை விட வேண்டாம். மகோமேவிலிருந்து கணவாய் வழியாக ட்சுமாகோ பக்கம் போகும் பேருந்து உண்டு. ஒரு நாளைக்குச் சில முறைதான், அதனால் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். உச்சிவரை பேருந்தில் வந்து, இறக்கத்தை மட்டும் சேர்ந்து நடப்பது நல்ல ஏற்பாடு.

6. ட்சுமாகோவுக்குள் நுழைந்ததும்

முதலில் தெருவில் படம் எடுக்க நிற்காதீர்கள். வாகி-ஹோன்ஜின் ஒகுயா என்ற பழைய இல்லம் மாலை 5 மணிக்கு மூடிவிடும், அதற்குச் சற்று முன்பே அனுமதி நின்றுவிடும். தெரு எங்கும் ஓடிப் போகாது. ஒகுயாவுக்கு நேராகப் போங்கள்.

ஹோன்ஜின் என்பது பிரபுக்கள் தங்கிய இல்லம், வாகி-ஹோன்ஜின் அதற்கு அடுத்த நிலை. ஒகுயாவின் இப்போதைய கட்டடம் 1877-இல் ஹினோகி என்னும் ஜப்பானிய சைப்ரஸ் மரத்தால் எழுப்பியது. இந்த ஊர் இருக்கும் கிசோ பள்ளத்தாக்கில் அந்த மரத்தை வெட்டுவது அதற்கு முன் நீண்ட காலம் தடை செய்யப்பட்டிருந்தது. உள்ளே போனதும் தூணைப் பாருங்கள், தரையைப் பாருங்கள். தடை நீங்கியதும் ஒரு குடும்பம் எவ்வளவு ஆசையாக அந்த மரத்தைப் பயன்படுத்தியது என்று தெரியும். அடுப்புக்குழி அருகே நின்றால் உயரச் சன்னல் சட்டங்கள் வழியாக ஒளி கீற்றுக் கீற்றாகப் புகையில் விழும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்திருக்கும்போது அது இன்னும் நீளமாக உள்ளே வரும்.

பிறகு தெரு. மேல்மாடி கீழ்த்தளத்தைவிட முன்னால் துருத்தி நிற்பதைக் கவனியுங்கள். தெரு ஓரிடத்தில் சட்டென்று செங்கோணத்தில் இரண்டு முறை திரும்பும். மசுகாதா என்பார்கள், படை நேராக உள்ளே பாய்ந்துவிடாமல் இருக்கச் செய்தது. அதை ஒட்டிய தெராஷிதா பகுதியில்தான் 1968-இல் வீடுகளைச் சீரமைக்கும் வேலை தொடங்கியது. மின்கம்பங்களை முன்பக்கத்திலிருந்து அகற்றிவிட்டார்கள். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை தெருவில் வண்டி வராது.

1971-இல் ஊர்க்காரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட உறுதிமொழி மூன்று சொற்கள்: விற்கமாட்டோம், வாடகைக்கு விடமாட்டோம், இடிக்கமாட்டோம். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் எட்டிப் பார்க்கும் அந்தச் சன்னலுக்குப் பின்னால் இன்றும் ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். துணித்திரை தொங்கும் கடைக்குள் நுழையலாம். திரை இல்லாத கதவைத் திறக்காதீர்கள். குப்பைத்தொட்டி தேடினால் கிடைக்காது, பையில் ஒரு பாலித்தீன் உறை வைத்திருங்கள்.

7. தெருவில் சாப்பிட

கோஹே மோச்சி: அரைகுறையாக மசித்த சோற்றைக் குச்சியில் பிடித்து, வால்நட், சோயா, சர்க்கரை சேர்த்த விழுதைப் பூசி, கனலில் வாட்டுவது. விழுது கருகும் வாசனை தெரு முனை வரை வரும். தாஷி கலக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். காய் அடைத்த ஓயாகி ரொட்டி வழியில் எடுத்துப்போக ஏற்றது. இலையுதிர் காலத்தில் நகட்சுகவாவின் குரி கிந்தோன் வாங்குங்கள். கஷ்கொட்டையும் சர்க்கரையும் மட்டும்தான். சொபா நூடுல்ஸ் வெறும் மாவுப் பண்டம் என்பதால் சைவம் என்று நினைக்கிறார்கள், ஆனால் அதன் சாற்றில் பெரும்பாலும் மீன் உண்டு. விடுதிக் காலை உணவில் சுன்கி வந்தால் விடாதீர்கள். உப்பே போடாமல் புளிக்கவைத்த கிசோப் பகுதி டர்னிப் கீரை, புளிச்சக்கீரை பிடித்தவர்களுக்குப் பிடிக்கும்.

8. விடுதியில்

5 மணிக்குள் போய்விடுங்கள். இரவு உணவு 6 மணி என்றால் 6 மணிதான். தாமதம் என்றால் வழியிலிருந்தே தொலைபேசியில் சொல்லுங்கள். அவர்கள் நீங்கள் மலையில் மாட்டிக்கொண்டீர்களோ என்று கவலைப்படுவார்கள்.

வாசலில் காலணியைக் கழற்றி உள்செருப்பு. தத்தாமிப் பாய் அறைக்குள் அந்தச் செருப்பும் கூடாது. கழிப்பறைக்குத் தனிச் செருப்பு. அதோடு வெளியே வந்து சாப்பாட்டு அறை வரை நடந்துவிடுவது எல்லோரும் செய்யும் பிழை. குளியல் பொது, முறை வைத்துப் போக வேண்டும். தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்து முடித்தபிறகே தொட்டிக்குள் இறங்குங்கள். ஒரே தண்ணீரில்தான் அடுத்தவரும் இறங்குவார், எனவே அடைப்பானைப் பிடுங்கக் கூடாது. யுகாதா உடையில் இடப்பக்கத்தை மேலே மடியுங்கள். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை.

சுவர் மெல்லியது. 9 மணிக்கு மேல் தொலைபேசியில் ஊருக்குப் பேச வேண்டுமானால் வெளியே தெருவுக்குப் போய்விடுங்கள்.

9. காலை, திரும்பும் வழி

6 மணிக்கு எழுந்தால் தெரு உங்களுடையது. படம் எடுப்பதை இந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊரின் வடபுறம் ட்சுமாகோ கோட்டை இருந்த மேடு, அரை மணி நடை. கோட்டை இல்லை, மேலிருந்து கூரைகளின் வரிசை தெரியும், அதற்காகத்தான் ஏறுவது.

காலை உணவுக்குப் பின் நகிசோ நிலையத்துக்குப் பேருந்தில் சுமார் 10 நிமிடம், நடந்தால் ஒரு மணி நேரம். நகிசோவில் எல்லா ஷினானோ வண்டிகளும் நிற்காது, உள்ளூர் வண்டியை விட்டால் அடுத்ததற்கு இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். ஆகவே முந்தின இரவே விடுதிக்காரரிடம் ரயில் நேரத்தைக் காட்டி, அதற்கு எந்தப் பேருந்து என்று கேட்டுவிடுங்கள். நராயையும் பார்க்க நினைக்கிறவர்கள் இங்கிருந்து வடக்கே போகும் உள்ளூர் வண்டியில் ஏறுங்கள். நராய் நிலையத்தில் இறங்கியதுமே திரும்பும் வண்டியின் நேரத்தைப் படம் எடுத்துக்கொண்டு, அப்புறம் தெருவுக்குள் போங்கள்.